எதிர்ச்சரிவில் ஓர் ஆடு

நார்வே மலைச்சரிவில் ஆடு வளர்க்கும் தூரிட் கேமரா வாங்கப் போனாள். கடைக்காரன் ஓட்வார் பெரிய கேமரா ஒன்றை நீட்டினான்.

"அக்கா, இதுல எடுத்தா கல்யாணப் படமெல்லாம் ஜொலிக்கும்."

"ஆட்டுக்கா கல்யாணம் பண்ணி வைக்கப் போறேன்? பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆட்டோட காதுல மாட்டியிருக்கிற வில்லை நம்பர் தெரியணும்ப்பா. போன வருஷம் அரை நாள் சுத்திப்போய்ப் பாத்தா, அடுத்தவன் ஆடு!"

ஓட்வார் சிரித்துவிட்டு, தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டும் சிறிய கேமராவைக் கொடுத்தான்.

இலையுதிர்காலத்தில் மந்தையை மலையிலிருந்து இறக்கியபோது அவளுடைய மூத்த ஆட்டைக் காணோம். ஓநாய் அடித்திருக்குமோ என்று கலங்கினாள். எதிர்ச்சரிவில், பக்கத்துப் பண்ணை ஆடுகளுக்கு நடுவே பழுப்பாக ஒன்று தெரிந்தது. கேமராவில் இழுத்துப் பார்த்தாள். காதில் இருந்த வில்லையில் அவளுடைய பண்ணை எண்ணே இருந்தது.

"விருந்தாடவாடி போனே, கழுதை!" என்று கத்தினாள். போன உயிர் திரும்பி வந்தது.