இருபத்திரண்டு கொடுத்த டீசல் கார்

கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு குடுக்குது?" என்பதுதான். மூணாறில் இதற்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. "ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாங்கள் புதிதாக வாங்கிய பெட்ரோல் கார் லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் கொடுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மலையில் அது பதினான்கைத் தாண்டவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிற சுபாவம். விற்றவரிடமே போய்ச் சண்டை போட்டேன். "மேடம், அது கம்பெனி டெஸ்ட் பண்ணின மைலேஜ்" என்றார். "அப்படின்னா கம்பெனியையே வந்து ஓட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால் மைலேஜ் ஒன்றும் ஏறிவிடவில்லை.

நான் முதலமடைக்காரி. அதுவும் கேரளாதான், கோவிந்தாபுரம் எல்லையை ஒட்டிய ஊர். கல்யாணமாகி மூணாறுக்கு வந்தவள். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் எனக்கு வேலை. வீட்டுக்காரருக்கு ஒரு ஹோட்டலில் வேலை. அவருடைய முன்னோர்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். அம்மா போன பிறகு அப்பா முதலமடையில் மாந்தோப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். மூணாறுக்கு வந்துவிடுங்கள் என்றால், "தோப்ப ஆரு பாக்கறது?" என்பார். அதனால் சனிக்கிழமை விடிந்ததும் நான் காரை எடுத்துக்கொண்டு இறங்குவேன். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று போய்ச் சேர்வேன். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்பினால்தான் சின்னாறு காட்டு கேட்டைச் சாயங்காலம் மூடுவதற்குள் தாண்ட முடியும். சனி, ஞாயிறுதான் ஹோட்டலில் கூட்டம் நெரியும் என்பதால் வீட்டுக்காரர் கூட வர முடியாது.

அப்பா ஒருநாளும் 'வா' என்று சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும். "அங்க மழையா அம்மணி?" என்பார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதே கேள்விதான். "நாளைக்கு வர்றேங்கப்பா" என்று நான் சொன்னதும் போனை வைத்துவிடுவார். மழையைப் பற்றிய பதில் அவருக்குத் தேவைப்படாது.

ஒருநாள் வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார். "வாராவாரம் இறங்கி ஏறுனா நம்ம சம்பளம் தாங்குமா? வண்டி இம்புட்டுக் குடிக்குது. மாசம் ஒருக்கா போயிட்டு வாயேன்." நான் பதிலே பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே இறங்கி வந்தார். "டீசல் வண்டின்னா மேட்டுல நல்லாக் குடுக்கும்னு சொல்றாங்க. அது மாதிரி ஒண்ணு கெடச்சா நீ வாராவாரமே போகலாம். இல்லேன்னா மாசம் ஒருக்காதான், என்ன சொல்ற?" என்றார். சரி என்றேன். வேறு வழி இல்லை.

இதை அந்த வாரம் அப்பாவிடம் புலம்பித் தீர்த்தேன். அவர் அப்போதே என் போனை வாங்கி மருமகனிடம் பேசினார். "நம்முளுது டீசல் வண்டி தானுங்களே மாப்பிள்ளை. பழசுன்னாலும் இஞ்சின் கல்லு மாதிரி இருக்குதுங்க. கொண்டுட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. நல்லாக் குடுத்தா நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு உங்க வண்டி போதும்." அப்படித்தான் கார்கள் கை மாறின. எங்கள் பெட்ரோல் கார் மாந்தோப்பில் நின்றது, அப்பாவின் டீசல் கார் மூணாறுக்கு ஏறியது.

சோதனைக்கு வீட்டுக்காரர் விதி வகுத்தார். பொதுவாகவே எங்கள் எல்லைப் பக்கத்து ஆட்கள் கேரளாவில் எண்ணெய் போடுவதில்லை. அந்தப் பக்கம் விலை குறைவு என்று வண்டியைத் தள்ளிக்கொண்டாவது தமிழ்நாட்டு பங்க்குக்குப் போய்விடுவார்கள். அதனால் உடுமலையில் ஒரே பங்க்கில், சனிக்கிழமை இறங்கும்போது, வண்டியைக் குலுக்கிக் குலுக்கிக் கழுத்து வரை நிரப்ப வேண்டும். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் மறுபடி நிரப்ப வேண்டும். ஓடிய தூரத்தை, போட்ட லிட்டரால் வகுத்தால் முடிந்தது. பெட்ரோல் காரை இப்படித்தான் பார்த்தோம், டீசலையும் இப்படியே பார்ப்போம் என்றார். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி நான் பயந்துகொண்டே ஓட்டினேன்.

முதல் வாரம் வகுத்துப் பார்த்தபோது இருபத்திரண்டு வந்தது. வீட்டுக்காரர் நம்பவில்லை, தன் போனில் மறுபடி போட்டுப் பார்த்தார். இரண்டாம் வாரமும் அதே இருபத்திரண்டு. மூன்றாம் வாரம் கொஞ்சம் கூடவே வந்தது. "உங்கப்பா வண்டி ராசியான வண்டிதாம்ட்டி. இனி வாராவாரம் போ, நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் தேயிலைத் தோட்டம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

ஆபீஸில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. பெட்ரோல் இஞ்சின் சமவெளியில் சொகுசாக ஓடும், மேட்டில் முதல் கியருக்கு இறங்கிக் கத்தும், அப்போதுதான் குடிக்கும் என்றேன். டீசல் இரண்டாம் கியரிலேயே முனகாமல் ஏறிவிடும், அதனால்தான் மிச்சம் என்றேன். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள் என்றேன். இதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் பதினான்குக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது என்று மட்டும் நான் யோசிக்கவே இல்லை. என் ஓட்டும் திறமை என்று நினைத்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டு, பக்கத்து மேசைக்காரர் தன் பெட்ரோல் காரை விற்பதாக விளம்பரமே போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவுக்கு ஒரு வழக்கம் வந்திருந்தது. சாயா குடித்ததும் டீசல் கார் சாவியை எடுத்துக்கொள்வார். "மலையேறப் போற வண்டி. டயருக்குக் காத்து அடிச்சுட்டு வந்தர்றேன் அம்மணி" என்று கிளம்புவார். தான் வளர்த்த வண்டியாச்சே, பிரிய மனமில்லாமல் ஒரு ரவுண்டு ஓட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் நான் மீனைச் சுத்தம் செய்வேன், அல்லது அவருடைய சட்டைகளுக்குப் பட்டன் தைப்பேன்.

ஒரு ஞாயிறு அவருக்குக் காய்ச்சல். எழுந்து சாவியைத் தேடினார். நான் பிடுங்கிக்கொண்டேன். "காத்துதானுங்களே, நானே போறேன். நீங்க படுங்க" என்றேன். "வேண்டாங் கண்ணு, காத்தெல்லாம் இருக்குது" என்றார். காற்று இருக்கிறதென்றால் எதற்காகச் சாவியைத் தேடினார் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எல்லை தாண்டியதும் ஒரு பங்க் இருக்கிறது. காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தியதுமே டீசல் போடும் பெண் ஓடி வந்தாள். "அய்யா வரலீங்களாக்கா? இந்தப் பக்கம் விடுங்க, எப்பவும் போல கழுத்து வரைக்கும் அடிச்சரலாம்" என்றாள்.

"எப்பவும் போலன்னா?"

"ஞாயித்துக்கெழமையானா அய்யா வந்து ரொப்பிட்டுப் போவாருங்களேக்கா. புள்ள பொறந்த ஊட்டுக்கு வந்துட்டு வெறும் வண்டியாப் போகக் கூடாதுன்னு சொல்லீட்டே இருப்பாருங்க. நீங்கதான் அந்தப் புள்ளயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடுமலையில் நான் நிரப்பிவிட்டு முதலமடை வந்து சேர்வதற்குள் செலவான டீசலை, ஒவ்வொரு ஞாயிறும் அப்பா திரும்ப ஊற்றி வைத்திருக்கிறார். முள்ளும் அசையாமல் நிரம்பிய இடத்திலேயே நின்றிருக்கிறது. அதை விட்டுவிட்டு நாங்கள் வகுத்தால் இருபத்திரண்டு வராமல் என்ன செய்யும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன். அந்தப் பெண்ணிடம் அன்றைக்கும் கழுத்து வரை அடிக்கச் சொன்னேன். அவள் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இன்றும் அந்த வழியாகப் போனால் அவளுக்கு ஒரு கிலோ மாம்பழமாவது கொடுக்காமல் நான் தாண்டுவதில்லை.

ஆனால் வீடு வந்து சேரும்போது கோபம்தான் முன்னால் நின்றது. கட்டிலில் படுத்திருந்தவரைக் காய்ச்சல்காரர் என்றும் பார்க்காமல் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கப்பா, இப்படியா பண்ணுவீங்க? ஆபீஸ் முழுக்க இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு சொல்லீட்டுத் திரியறேன். என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் காரையே விக்கப் போறாரு. சீர் குடுக்கணும்னா மாங்காய் குடுங்க, தேங்காய் குடுங்க. டேங்க்குலயா ஊத்துவாங்க?"

அப்பா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "மாங்காய் குடுத்தா மாப்பிள்ளை கணக்குல வராதே அம்மணி" என்றார்.

அவரே தொடர்ந்தார். "நல்லாக் குடுத்தா வாராவாரம் வருவே, இல்லீன்னா மாசத்துக்கு ஒருக்கான்னு நீதானே சொன்னே. மொத வாரம் வண்டி என்ன குடுக்குமோன்னு எனக்கு வெசனமாப் போச்சு. உன்னய வான்னு கூப்பிட எனக்கு வாய் வராது. அதான் போயி ஊத்துனேன்."

அதற்குமேல் எங்கே திட்டுவது? சமையலறைக்குப் போய் அழுதேன். பிறகு கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். பக்கத்து மேசைக்காரருக்குப் போன் செய்து, "சார், அவசரப்படாதீங்க, என் கணக்குல கொஞ்சம் பிழை இருக்கு" என்றேன். அவர் கார் அதற்குள் விலை பேசி முடிந்திருந்தது. நல்ல வேளையாக, டீசல் வாங்கிய பிறகு அவருக்கு அந்த வண்டியே பிடித்துப்போனது.

அன்று சாயங்காலம் மூணாறு வந்ததும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கலாமா என்று மறையூர் வரை யோசித்துக்கொண்டுதான் வந்தேன். மறைத்தால் அப்பா சாகும்வரை ஞாயிறுதோறும் பங்க்குக்குப் போய்க்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அன்றைக்கு பங்க்கில் நான் அடித்த அளவைத்தான் அப்பாவும் வாராவாரம் ஊற்றியிருப்பார் என்று அதையும் சேர்த்து வகுத்தோம். பதினேழு வந்தது. பெட்ரோலைவிட மூன்று கூட, அவ்வளவுதான். எங்கள் பெட்ரோல் காரும் முதலமடைச் சமவெளியில் அப்பா கையில் பதினெட்டுக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சினைவிட ரோடுதான் குடிக்கிறது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி மாதம் ஒருமுறைதான் என்று சொல்லப்போகிறார் என நினைத்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "மாமா இம்புட்டு ஏங்கிப் போயிருக்காரு, நான் இங்கன உக்காந்து மைலேஜ் பாத்துட்டு இருந்திருக்கேன். கணக்கு கெடக்கட்டும். நீ எப்பயும் போலப் போயிட்டு வா" என்றார். எத்தனையோ விஷயத்துக்கு இந்த மனுஷனோடு சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட நன்றிக்கடன் இன்னும் தீரவில்லை.

மாங்காய் சீசன் முடிந்ததும் அப்பாவை வலுக்கட்டாயமாக மூணாறுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணத்தின்போது வேனில் ஒருமுறை வந்தவர்தான். அன்றைக்குத் தலைசுற்றி, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிப் படுத்தவர் ஊர் போய்த்தான் கண் திறந்தார். இந்த முறை மாத்திரை போட்டு முன்சீட்டில் உட்கார வைத்தேன். உடுமலை வரை வழியில் தெரிந்த தோப்புகளையெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வந்தார். சின்னாறு தாண்டியதும் பேச்சு குறைந்தது. ஒரு வளைவில் கொம்பன் யானை ஒன்று ரோட்டை மறித்து நின்றது. இஞ்சினை அணைத்துவிட்டு, அது போகும்வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். மறையூருக்கு மேலே மழை பிடித்துக்கொண்டது. எதிரே வந்த லாரிக்கு வழிவிட, பள்ளத்தின் ஓரமாக வண்டியைப் பின்னால் எடுத்தேன். அப்பா கதவின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இந்த வழியாவா வாராவாரம் ஒத்தையில வந்தே?"

"வேற வழி இல்லீங்களேப்பா."

தேயிலை தெரியத் தொடங்கிய இடத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நானு டீசலத்தான் நெனச்சேன் கண்ணு. ரோட்ட நெனைக்கல. இனிமே மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும். நான் இருந்துக்கறேன்."

வழக்கம்போல ஏதாவது சுடச்சுடச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. அது முடிந்து கியரை மாற்றிய பிறகு சொன்னேன்.

"வர்ற சனிக்கெழமை உங்களைக் கொண்டுவந்து ஊட்டுல விடுவேன். அதுக்கடுத்த சனிக்கெழமையும் வருவேன். பேசாம வாங்கப்பா."