மேஸ்திரி வானம் பார்த்த காட்சி

கோகிலவாணி டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் காரியம் பெஞ்சுகளை ஓரங்கட்டுவதுதான். நடுவில் இடம் வேண்டும் அவளுக்கு, புத்தகமெல்லாம் அப்புறம். குன்னூருக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று வரிசை லயன் வீடுகளும் ஒரு தேயிலை ஃபேக்டரியும் உள்ள எஸ்டேட்டில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். மொத்தமே இருபத்தாறு பிள்ளைகள். அந்த இருபத்தாறு பேருக்காக அரவங்காட்டிலிருந்து ரெண்டு பஸ் மாறி, கடைசி ஒன்றரை கிலோமீட்டரை மழையோ பனியோ நடந்தே வருகிற தற்காலிக ஆசிரியை அவள். வந்து சேர்ந்ததும் நாடகம்தான்.

"படிப்பு சொல்லிக்குடுக்க அனுப்பினா ஆட்டம் போட விடுறாங்களே" என்று லயத்தில் முணுமுணுக்காத ஆள் இல்லை. அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! இலை தனக்குத்தானே சோறாக்கிக்கொள்ளும் பாடத்தை அவள் நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். நாலு பேர் கைகோத்து நின்று இலை ஆனார்கள். ஒருத்தி வெயில், ஒருத்தி தண்ணீர். கரியமில வாயுவாக உள்ளே போன தினகரன் வெளியே வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "வாடா சாமி" என்றால், "ஆக்சிஜனா மாறித்தானே டீச்சர் வரணும்? நான் இன்னும் மாறலை" என்கிறான். எழுதி எழுதிப் போட்டாலும் ஏறாத பாடம் அன்றைக்கு எல்லார் மண்டையிலும் ஏறியது.

நாடகத்துக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "பாத்ததைக் காட்டு. பாக்காததைக் காட்டாதே. பொய் காட்டினா பாக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும்."

ஐந்தாம் வகுப்பு ஸ்வேதாவை அவள் பிடித்ததும் இப்படித்தான். ரெண்டு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு வாசிப்பு வரவில்லை. புத்தகத்தைக் கொடுத்தால் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும், பேச்சே இருக்காது. ஒருநாள் அவளைத் தபால்காரராக்கி, கையில் நிஜமாகவே ஒரு கடிதத்தைக் கொடுத்து, "படிக்கத் தெரியாத பாட்டிக்கு நீதான் படிச்சுச் சொல்லணும் அம்மிணி" என்றாள் டீச்சர். தபால்காரர் தடுமாறினால் நன்றாகவா இருக்கும்? ஸ்வேதா தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி, பதினோரு வரியையும் முழுசாகப் படித்துவிட்டாள். கடைசியில், "வேற ஒண்ணுமில்லைங்க பாட்டி, எல்லாரும் சௌக்கியம்" என்று தானாகவே ஒன்றைச் சேர்த்தும் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து கோகிலவாணி அழுதாள். இருக்காதா பின்னே!

ஆனால் என்ன பிரயோஜனம்? வாரத்தில் ரெண்டு நாள், மூணு நாள் ஸ்வேதா வரமாட்டாள். திரும்பி வரும்போது பாதி மறந்திருக்கும். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குக் குன்னூர் போக வேண்டிய பிள்ளை. இப்படியே போனால் அங்கே ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது, அம்மாவும் "சரி, வீட்டோட இரு" என்று நிறுத்திவிடுவாள். அதே லயத்தில் முந்தின வருஷம் வனிதா என்ற பெண் அப்படித்தான் நின்றாள். இவளையும் அப்படி விட டீச்சருக்கு மனசு வரவில்லை.

வராததற்குக் காரணமும் நாடகத்தில்தான் தெரிந்தது. "ஒங்க ஊட்டுல காலைல நடக்கிறதைக் காட்டுங்க கண்ணுகளா" என்றாள் ஒரு நாள். ஸ்வேதா தாவணித் துணி ஒன்றைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்ட ஆரம்பித்தாள். பத்து மாதத் தம்பி. அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தரம்தான் வருவார். அம்மா ஜோதிமணி கொழுந்து எடுக்கப் போகிறவள். முன்பெல்லாம் கைக்குழந்தைகளை விட்டுப்போகப் பிள்ளைக்காம்பரா இருந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அந்த ஆயா வீட்டுக்கு வைத்த பேர் அது. பிள்ளைகள் குறைந்துபோனார்களென்று பூட்டி மூணு வருஷமாகிறது. அங்கன்வாடியோ நாலு கிலோமீட்டர் கீழே, பஸ் கிடையாது.

"அப்ப நீ வர்ற நாள்ல தம்பியை யாரு பாக்கறா?" என்று கேட்டாள் டீச்சர்.

ஸ்வேதா அதையும் காட்டினாள். கிட்டத்து மலையில் வேலை என்றால் அம்மா தம்பியையும் தூக்கிக்கொண்டு போவாள். சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டுவாள். குழந்தையோடு வேலைக்கு வரக் கூடாதென்று எஸ்டேட்டில் கண்டிப்பான உத்தரவு. போன வருஷம் தேயிலைக்குள் நின்ற காட்டுமாடு ஒரு பெண்ணை முட்டித் தூக்கியதிலிருந்து இன்னும் கெடுபிடி. ஆனால் கொழுந்து எடுப்பவர்களை மேற்பார்க்கிற அய்யாவு மேஸ்திரி நல்ல மனுஷன். தூளி இருக்கிற பக்கம் வந்ததும் இடுப்பில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார். "மழை வருமாட்டம் இருக்கு" என்பார். வெயில் கொளுத்தினாலும் அதேதான் சொல்வார். அப்படியே அந்த மரத்தைத் தாண்டிப் போய்விடுவார். காட்டோரத்து மலையில் வேலை என்றால் மட்டும் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. அன்றைக்கு ஸ்வேதாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

மேஸ்திரி மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவள் வானத்தைப் பார்த்த பார்வையில் வகுப்பே உருண்டு சிரித்தது. கோகிலவாணியும் வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. ஆண்டு விழாவுக்கு எஸ்டேட் மேனேஜர் வருவார். அவர் கண்ணால் இதைப் பார்த்துவிட்டால்? மனு எழுதினால் எந்த மேஜையிலோ கிடக்கும். நாடகம் அப்படியா? பூட்டிய பிள்ளைக்காம்பராவைத் திறக்க வைத்துவிடலாம்!

"மேஸ்திரி சீனும் வேணுமா டீச்சர்?" என்று ஒத்திகையில் ஸ்வேதா கேட்டாள்.

"அதுதான் கண்ணு உசிரே. விட்டுடாதே. பேரை மட்டும் சொல்லாதே."

பேரைச் சொல்லாவிட்டால் போதுமாம்! அந்த எஸ்டேட்டில் இடுப்பில் கைவைத்து வானம் பார்க்கிற மேஸ்திரி எத்தனை பேர் இருக்கிறார்கள்? பிள்ளைகளுக்கு அத்தனை சொல்லிக்கொடுத்தவளுக்கு இது தோன்றவில்லையே. நல்ல காட்சி ஒன்று கையில் கிடைத்த சந்தோஷம் அவள் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

விழா அன்றைக்கு ஸ்வேதா பிரமாதப்படுத்திவிட்டாள். பூட்டின கதவைத் தட்டினாள், தூளி கட்டினாள், மேஸ்திரியாக மாறி வானம் பார்த்தாள். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. பின்னால் நின்ற அய்யாவு மேஸ்திரி சிரிக்கவில்லை, தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் ஜோதிமணி முகம் செத்துப்போயிருந்தது. மேடையோரம் நின்ற கோகிலவாணி ரெண்டையும் பார்த்தாள். மேனேஜரோ விழுந்து விழுந்து சிரித்தார். "அடேயப்பா, என்ன நேச்சுரலா நடிக்குது இந்தப் பொண்ணு!" என்று எழுந்து வந்து ஸ்வேதாவுக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் பரிசு கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் எஸ்டேட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போதே உத்தரவு வந்துவிட்டது. இனிமேல் குழந்தையோடு மலைக்கு வந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. அய்யாவு மேஸ்திரியை ஃபேக்டரி வாசலில் கொழுந்து இறக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். புது மேஸ்திரி மரம் மரமாகப் பார்க்கிற ஆள்.

கோகிலவாணி ஆபீசுக்கு ஓடினாள். மேனேஜர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. "நீங்களே சொல்லுங்க மேடம். காட்டுமாடு நடமாடுற எடத்துல தொட்டில் தொங்குதுன்னு கண்ணால பாத்தப்புறம் நான் எப்படிங்க சும்மா இருக்கிறது? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"அதுக்குத்தானுங்க சார், பிள்ளைக்காம்பராவைத் திறங்கன்னு..."

"நானும் மேல கேட்டுட்டேன். ஆறு குழந்தையாவது இருந்தாத்தான் ஆயா போடுவாங்களாம். நம்மகிட்ட மூணுதான இருக்கு?"

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

தம்பியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வா என்று ஸ்வேதாவைக் கூப்பிட்டாள். ரெண்டு நாள் வகுப்பு மூலையில் தூளி தொங்கியது. மூணாம் நாள் குழந்தைக்கு இளைப்பு வந்து, மூச்சு வாங்கி, ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்படி ஆகிவிட்டது. குழந்தை தேறிவிட்டது. ஆனால் ஹெட்மாஸ்டர் வீரையா கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம்."

அதற்குப் பிறகு ஸ்வேதா வரவேயில்லை. முன்னாலாவது வாரத்தில் மூணு நாள் வருவாள். டீச்சர் நாடகம் போட்டு அதையும் இல்லாமல் செய்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனாள். ஜோதிமணி சண்டை போடுவாள் என்று நினைத்துத்தான் போனாள். போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஜோதிமணி ஸ்டூலை எடுத்துப் போட்டு, பாலில்லாத சாயத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

"ஒங்க மேல கோவமில்ல டீச்சர். பிள்ளை நல்லாத்தான் நடிச்சா." தரையில் உட்கார்ந்தாள். "அவ்வளவு நல்லா நடிச்சிருக்க வேண்டாம்."

கோகிலவாணி டம்ளரைக் கீழே வைத்தாள். வேறு வழி ஏதாவது பார்க்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. என்ன வழி? ஆபீசு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று. எழுந்து வாசலுக்கு வந்தாள்.

வாசலில் ஸ்வேதா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அந்த ஜியாமெட்ரி பாக்ஸைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், நான் எந்த எடத்துல தப்பு விட்டேன்?"

"நீ ஒரு தப்பும் பண்ணலை சாமி."

"வேணும்னா மறுக்கா போடலாம் டீச்சர். மேஸ்திரி சீன் இல்லாம. அம்மா தம்பியை மலைக்கே கொண்டுபோகலேன்னு மாத்திரலாம். மேனேஜர் சார் அதைப் பாத்தா இதை மறந்துருவாருல்ல? அப்புறம் நான் வரலாம்ல?"

கோகிலவாணி அவள் தலையைத் தடவினாள். "போடலாம் கண்ணு. கண்டிப்பா போடலாம்" என்றாள். முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொள்ளத்தான் பார்த்தாள்.

ஸ்வேதா கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.