அகத்தா அக்கா ஓட்டை போட்ட அட்டைகள்

பினாங்குக்கு அருகே, செர்டாங்கிலிருந்து கரங்கான் வழியாகக் கூலிம் போகும் பஸ்ஸில் அகத்தா அக்காவை ஏமாற்றியவர்கள் மிகக் குறைவு. நான்கு நிறுத்தம் முன்னாலேயே ஏறிவிட்டு, இப்போதுதான் ஏறினேன் என்று சொல்லிக் குறைந்த டிக்கெட் கேட்பவர்கள் எல்லா பஸ்ஸிலும் உண்டு. மற்ற கண்டக்டர்கள் "எங்கே ஏறினீங்க?" என்று அதட்டுவார்கள். அக்கா அதட்ட மாட்டார். "அங்கே மழை விட்டுடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்பார். அந்த நிறுத்தத்தில் ஏறாதவருக்குப் பதில் தெரியாது. ஒரு நிமிடம் விழித்துவிட்டு மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுப்பார்.

செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் இஞ்ஞாசிமுத்துவின் மூத்த மகள் அவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். 1973இல், பத்தொன்பது வயதில், பஸ் கம்பெனியில் சேர்ந்தார். தோளில் காக்கிப் பை, காதில் பென்சில், இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்ட, டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மருந்து, கல்யாணப் பத்திரிகை, தைத்த ரவிக்கை என்று எதுவும் அவர் கையில் கொடுத்தால் போய்ச் சேர்ந்துவிடும். ஒருமுறை ஒரு கோழியும் ஏழு குஞ்சுகளும் போயின. ஏழும் போய்ச் சேர்ந்தன.

1985இல் அந்தப் பையில் கேசட்டுகள் ஏறத் தொடங்கின.

கூலிமில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த லியோனார்ட் அண்ணன் பினாங்கிலிருந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கி வந்திருந்தார். பார்க்கத் தட்டெழுத்து இயந்திரத்தின் மேல்பகுதி மாதிரி இருக்கும். அதை டிவியில் மாட்ட வேண்டும். பாட்டுக் கேட்கும் சாதாரண கேசட்டைப் போட்டால் ஐந்து நிமிடம் கிறீச்சென்று கத்தும். பிறகு திரையில் ஒரு கணக்கோ எழுத்து விளையாட்டோ வரும். அண்ணன் ஆங்கிலப் பத்திரிகைகளில் அச்சாகி வரும் புரோகிராம்களை வரி வரியாகத் தட்டி, பிள்ளைகளுக்கு ஆகிறவற்றைக் கேசட்டில் பதிந்து அனுப்புவார். ஒரு புள்ளி தவறினாலும் ஓடாது. மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். கண்ணில் நீர் வழிய உட்கார்ந்து தட்டிய அவர் ஒருவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அதே மாதிரிக் கம்ப்யூட்டரை கரங்கான், செர்டாங் வட்டாரத்தில் ஏழெட்டு வீடுகளில் வாங்கினார்கள். எங்கள் வீட்டிலும் தம்பிக்காக அப்பா வாங்கினார்.

ஒருநாள் கரங்கானில் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையை நடத்தும் பிரேமாவதியிடம் ஒரு கேசட்டை நீட்டிய அகத்தா அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இதே கேசட்டைத்தானே மார்ச் மாசம் குடுத்தேன்? வாழைப்பழப் படம் ஒட்டினது."

"அது கூட்டல். இது என்னவோ, யாருக்குத் தெரியும்? அண்ணன் அனுப்பினாரு, வாங்கிக்கிறேன்."

"செர்டாங்லே ஒருத்தர் கூட்டல் வேணும்னு ரெண்டு மாசமா கேக்குறாரு. உங்க வீட்டுலே ரெண்டு தூங்குது. உங்களுக்கெல்லாம் பஸ்ஸுக்கு இருக்கிற மாதிரி ஒரு டயம்டேபிள் வேணும்லா."

அந்த 'டயம்டேபிள்'தான் பட்டியலாக வளர்ந்தது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்ததும் கரங்கான் கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் பின்னறையில் கூடுவோம். கேசட் வாங்கும் வீட்டார் ஒன்பது பேர், அக்கா, லியோனார்ட் அண்ணன். கும்பிடும் சாமி வேறாக இருந்தாலும் பின்னறை எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் அட்டை. பெயர், என்ன கற்றுத்தருகிறது, எந்தச் சாவியை அழுத்த வேண்டும், இப்போது யார் வீட்டில் இருக்கிறது, கடைசியாகக் கருத்து. கேசட் எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டார் தங்கள் கருத்தை எழுதுவார்கள். அட்டைகளை அக்கா தன்னுடைய பழைய டிக்கெட் பலகையில் செருகி வைத்தார். கட்டணத்துக்கு ஒரு நிறம் என்று டிக்கெட் இருப்பதுபோல வயதுக்கு ஒரு நிறம்.

"இது ஆறு வயசுலே ஏறி எட்டு வயசுலே இறங்குற கேசட்டு," என்பார். "பத்து வயசுக்காரனை இதுலே ஏத்தாதீங்க, சண்டை போடுவான்."

கம்ப்யூட்டர் சாவியை அவர் அதுவரை தொட்டதுகூட இல்லை. ஆனால் 1986 முடியும்போது அறுபத்து நான்கு அட்டைகளில் எது எந்த வீட்டில் இருக்கிறது என்பதைப் பலகையைப் பார்க்காமலேயே சொல்வார்.

அடுத்த ஜனவரியில் அலோர் ஸ்டாரில் இருந்த ஒரு நலச்சங்கம் கரங்கான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தது. ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஏப்ரல் விடுமுறைக்கு முன் வந்து பார்ப்பார்கள். பிள்ளைகள் பயன்படுத்தாவிட்டால் அது ஒரு பட்டணத்துப் பள்ளிக்குப் போய்விடும். வீட்டில் கம்ப்யூட்டர் வாங்க முடிந்தவர்கள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீட்டாரும் எங்களைப் போன்ற சிலரும்தான். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்த ஒன்றே ஒன்று.

தலைமையாசிரியர் பரஞ்சோதி பஸ்ஸில் ஏறி அக்காவிடம் கேட்டார்.

"சனிக்கிழமை வகுப்புக்கு எட்டு புரோகிராம் வேணும்மா. உன் பட்டியலை நம்பித்தான் பெற்றோர்கிட்ட பேசியிருக்கேன்."

"நம்புங்க சார். 'மிக நன்று'ன்னு எல்லாரும் எழுதினதா எடுத்துத் தாரேன்."

முதல் சனிக்கிழமை நாற்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் இருபது. மூன்றாவது வாரம் ஆறு பேர். அந்த ஆறில் இருவர் தலைமையாசிரியரின் பிள்ளைகள்.

திங்கட்கிழமை பரஞ்சோதி சார் பஸ்ஸில் ஏறி, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கம்ப்யூட்டர் கொண்டுவந்த வேனைத் திருப்பி வரச் சொல்லிடலாம் போலிருக்கு. வந்த வழியிலேயே போகட்டும்."

அன்று மதியம் அக்கா, பள்ளி விட்டு ஏறிய பிள்ளைகளில் நான்காம் வகுப்பு கேதரினின் பக்கத்தில் போய் நின்றார். அவளிடம், பிடித்திருந்ததா பிடிக்கவில்லையா என்று கேட்கவில்லை.

"அந்தக் கப்பல் கணக்குலே கடைசியிலே கப்பல் எங்கே போய்ச் சேரும்?"

கேதரின் விழித்தாள். பக்கத்துப் பையன் விழித்தான். பின்னால் இருந்த இன்னொருத்தி, "கப்பல் போறதுக்குள்ளே நாங்க எழுந்து போயிட்டோம்கா," என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. எட்டு புரோகிராமில் ஆறின் முடிவு ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

அன்று மாலை அக்கா பலகையைத் தூக்கிக்கொண்டு பிரேமாவதி வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"கப்பல் கணக்குக்கு 'மிக நன்று'ன்னு உங்க கையெழுத்து இருக்கு. உங்க பிள்ளைங்க முடிச்சாங்களா?"

பிரேமாவதி தலையைக் குனிந்தார். "முடிக்கலே. அதுக்காக? அந்த மனுஷன் கண்ணு வீங்கத் தட்டி அனுப்புறாரு. அட்டை கடைசியிலே அவர் கண்ணுலேதான் படும். சோறு போட்டவங்ககிட்டே உப்பு இல்லேன்னா சொல்வாங்க?"

அக்கா என் பக்கம் திரும்பினார். அதே அட்டையில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. என் தம்பி அந்தக் கேசட்டை இரண்டு நிமிடத்தில் நிறுத்தினான். நானும் 'மிக நன்று' என்றுதான் எழுதியிருந்தேன். ஒன்பது பேரும் அதைத்தான் செய்திருந்தோம். அறுபத்து நான்கு அட்டையிலும் ஒரு குறை இல்லை. எங்களில் யாருக்கும் அது பொய்யாகத் தோன்றியதே இல்லை.

அக்கா கோபப்படவில்லை. எங்கள் கையெழுத்துகளை அடிக்கவும் இல்லை. "நல்லவங்க எழுதினது அப்படியே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். மறுநாள் முதல் அட்டைகளை பஸ்ஸில் கொண்டுவரத் தொடங்கினார். வகுப்புக்கு வந்த பிள்ளைகளோ, வீட்டில் கேசட் போட்ட பிள்ளைகளோ, பள்ளி விட்டு ஏறும் எல்லோரிடமும் இரண்டே கேள்வி. கடைசியில் என்ன வரும்? வர்ற சனிக்கிழமை எது வேணும்? பாதியில் எழுந்த பிள்ளைக்கு அட்டையின் வலது ஓரத்தில் ஓர் ஓட்டை. மறுபடி கேட்ட பிள்ளைக்கு இடது ஓரத்தில் ஓர் ஓட்டை. டிக்கெட் பஞ்ச்சாலேயே போட்டார். யார் மனமும் புண்படும்படி ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. அட்டையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்று வாரத்தில் அட்டைகள் பேசத் தொடங்கின. ஆனால் அவற்றை லியோனார்ட் அண்ணனிடம் காட்ட வேண்டியிருந்தது. அவர் கோபித்துக்கொண்டு கேசட் அனுப்புவதை நிறுத்திவிட்டால் பட்டியலும் இல்லை, வகுப்பும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. அந்த இரண்டாம் ஞாயிறு பின்னறையில் யாரும் தேநீரைத் தொடவில்லை.

அண்ணன் ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தார். இரவில் தெரியும் நட்சத்திரங்களின் பெயரைச் சொல்லித்தரும் புரோகிராமில் நின்றார். நான்கு மாதம் தட்டியது அது. வலது ஓரத்தில் பதின்மூன்று ஓட்டை.

"அகத்தா, இது அட்டையா கொசுவலையா?"

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நேராகப் பார்த்துச் சொன்னார். "உங்களுக்கு மரியாதை குடுக்கப் போய், பிள்ளைங்க கையிலே இருக்கிற கம்ப்யூட்டரை இழக்கப் பாக்கிறோம் அண்ணே. அவங்க வந்து பாக்க இன்னும் அஞ்சு வாரந்தான் இருக்கு."

அண்ணன் அட்டையை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வாரம் கூலிமிலிருந்து கேசட் எதுவும் வரவில்லை. தினமும் பையைத் திறந்து பார்த்த அக்காவிடம் டிரைவர் சின்னையா, "வேற கோழி அனுப்பச் சொல்லவா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்து பஸ்ஸில் லியோனார்ட் அண்ணனே உட்கார்ந்திருந்தார். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். அக்கா டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு வழக்கம்போலப் பிள்ளைகளிடம் போனார். அண்ணன் செர்டாங் வரை கேட்டுக்கொண்டே வந்தார். கணக்கு கஷ்டம் என்று ஒரு பிள்ளையும் சொல்லவில்லை. "அவ்ளோ எழுத்து வருது, அது இங்கிலீஷ், படிக்கிறதுக்குள்ளே மறைஞ்சிடுது," என்றார்கள்.

இறங்கும்போது அண்ணன் சொன்னது இதுதான்: "எழுத்தை எடுத்துட்டுப் படம் வைக்கலாம். மறையாம நிறுத்தலாம். இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லலே?"

"நீங்க கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னா எப்படிச் சொல்றது?" என்றார் அக்கா. "டிக்கெட்டைக் குடுங்க. இறங்கிட்டா அது எனக்கு."

அடுத்த நான்கு வாரங்களில் அண்ணன் ஐந்து புரோகிராம்களைத் திருத்தினார். ஆங்கில வாக்கியங்கள் போய்ப் படங்கள் வந்தன. வகுப்புக்கான எட்டு புரோகிராம்களை அக்கா ஆறாகக் குறைத்தார். ஆறுக்கும் இடது ஓரத்தில்தான் ஓட்டை அதிகம். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் பதினைந்து, முப்பது என்று திரும்பி வந்தார்கள்.

ஏப்ரலில் அலோர் ஸ்டார்க்காரர்கள் காரில் வந்தபோது வகுப்பறை வாசலில் வரிசை நின்றது. வந்தவர்களில் பெரியவராக இருந்தவர் பிள்ளைகளிடம் ஏதோ கேட்டார். கப்பல் எந்தத் துறைமுகத்தில் சேரும் என்பதை நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அக்கா அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு ட்ரிப் இருந்தது. பஸ் பள்ளியைத் தாண்டும்போது சின்னையா அண்ணன் கொஞ்சம் மெதுவாக ஓட்டினாராம். ஜன்னல் வழியே வரிசையை எண்ணிப் பார்த்துவிட்டு, "போகலாம்," என்றாராம் அக்கா.

மே மாதம் கடிதம் மலாயில் வந்தது. பரஞ்சோதி சார் அதை அக்காவுக்கு வாசித்துக்காட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் கரங்கானிலேயே இருக்கும். வேறு பள்ளிகளுக்கும் அனுப்ப அட்டைப் பட்டியலின் மூன்று நகல்கள் வேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தவை மட்டும் போதும்.

"இருக்கும்னா, எப்பவுமா?" என்று கேட்டார் அக்கா.

"எப்பவும்னுதான் போட்டிருக்கு."

கடிதத்தை வாங்கி, அந்த வரி எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "அறுபத்து நாலையும் தட்டும்மா," என்றார்.

நான் பள்ளியின் தட்டெழுத்து இயந்திரத்தில் மூன்று நகல் தட்டினேன். தட்டெழுத்தில் ஓட்டை வராது. அதனால் செர்டாங் பஸ் நிலையத்தில் ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் இடையே கிடைக்கும் இருபது நிமிடத்தில் அக்காவே பலகையை மடியில் வைத்துக்கொண்டு, மூல அட்டையைப் பார்த்துப் பார்த்து, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அட்டைகளிலும் ஓட்டை போட்டார். முடிக்க ஒன்பது நாள் ஆனது. கடைசி நாள் லியோனார்ட் அண்ணனும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நட்சத்திர அட்டை வந்தது. அண்ணன் அதன்மேல் கையை வைத்தார்.

"இதை விட்டுடு அகத்தா. பிடிச்சதை மட்டுந்தானே கேட்டிருக்காங்க. மானம் போகுது."

அக்கா மூல அட்டையைத் திருப்பி அவருக்கு இடது ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒரே ஓர் ஓட்டை இருந்தது.

"முனியாண்டி மக புஷ்பவள்ளி. பதினோரு சனிக்கிழமையா இதையேதான் கேக்குறா. அவளை மாதிரி ஒண்ணு அங்கேயும் இருக்கும்."

அண்ணன் கையை எடுத்தார். அக்கா வலது ஓரத்தில் பதின்மூன்றையும் வரிசையாகப் போட்டு முடித்தார். பிறகு அட்டையைத் திருப்பி, இடது ஓரத்தில் இடம் பார்த்து, பஞ்ச்சை ஒருமுறை அழுத்தினார்.