மறியல் தழை

பத்து வருஷம் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆதிமூலத்துக்குத் தேயிலை எப்படிக் காய்கிறது என்று நன்றாகத் தெரியும். எப்படி வளர்கிறது என்பதுதான் தெரியாது. அவருக்கு வாய்த்தது ஆலைக்குள், இலை வாட்டும் வேலை. ஊர் திரும்பும்போது இருநூறு கன்றுகளோடு வந்து, கல்வராயன் மலைச்சரிவில் மச்சான் சின்னதுரையின் நிலத்தில் நட்டார்.

"டீ குடிக்கக் கடைக்குப் போவியா, காட்டுக்குப் போவியா?" என்று தியாகதுருகத்துச் சொந்தக்காரர்கள் கேட்டார்கள்.

சமவெளிக்காரருக்கு நிலம் என்றால் நெல் அடிக்கும் களம் மாதிரி பளிச்சென்று இருக்க வேண்டும். ஒரு சருகு கிடந்தாலும் மானக்கேடு. ஆதிமூலம் கன்றுகளுக்கு நடுவே தினமும் பெருக்கி, குவித்துக் கொளுத்தினார். எண்பத்தேழில் மழையும் கைவிட்டது. அவ்வளவு சுத்தமான மண் கல்லாக இறுகி, கன்றுகளின் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

வால்பாறையில் செடிக்கு மண் கொத்தும் வேலை பார்த்த பழனி ஒரு கல்யாணத்துக்கு வந்தவன், சரிவைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இன்னாண்ணே, மண்ணுக்கு மொட்டை போட்டு வச்சிக்கிற? நாலு விரக்கடை கனத்துக்குத் தழை போடுண்ணே. தண்ட ஒட்டிப் போடாத, அழுவிடும். ஈரமும் நிக்கும், மக்கி எருவும் ஆவும்."

"தழைக்கு எங்கடா போறது? கீழ கெடக்கறதெல்லாம் ஆடு தின்னுட்டுப் போவுது."

பதில் செப்டம்பரில் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். அடிவாரச் சாலையில் தூங்குமூஞ்சி மரங்களும் புங்க மரங்களும் குறுக்கே வெட்டிச் சாய்க்கப்பட்டன. ஆதிமூலமும் மறியலுக்கு ஆதரவுதான். ஆனால் அவர் கண் போனது தழைமேல்.

வண்டியைக் கட்டிக்கொண்டு போய், அரிவாளை எடுத்ததும் மறியல்காரர்கள் சூழ்ந்தார்கள்.

"யோவ், தடையை எடுக்க வந்தியா? எவன் அனுப்புனான்?"

"மரம் உங்களுது, அப்படியே கெடக்கட்டும். தழை மட்டும் குடுங்க. கன்னு காஞ்சிக்கினு கெடக்குதுங்க."

அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் ஜீப் வந்தது. மறியல்காரர்கள் கரும்புக்குள் மறைந்தார்கள்; அரிவாளோடு நின்றது ஆதிமூலம் ஒருவர்தான்.

"மரத்தை வெட்டினது நீதானா?"

"வெட்டலைங்க, தழையைத்தான் கழிக்கிறேங்க."

ஏட்டு மரத்தைச் சுற்றி வந்தார். தழை போய்விட்டால் ரம்பம் வைக்கச் சுலபம். "சீக்கிரம் கழி" என்றார். ஜீப் போனதும் கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல்: "தழைதான பெருசு, எடுத்துக்கினு போ. கட்டையைத் தொட்டா கையி இருக்காது!"

அரசாங்கமும் அதை எதிர்த்தவர்களும் அந்த வாரம் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களே போயின.

ஆதிமூலம் பதினோரு வண்டி ஏற்றினார். மலைப்பாதையின் முதல் வளைவு வரை மாடு இழுத்தது. அதற்கு மேல் அவரும் மனைவி தங்கமணியும் தலையில் சுமந்தார்கள். ஆடு வராமல் முள்வேலி போட்டார்கள்.

"வூட்டை மட்டும் பெருக்கச் சொல்ற, காட்டைக் குப்பையாக்குற" என்று தங்கமணி முனகிக்கொண்டே தழையைப் பரப்பினாள். தண்டுக்கு ஒரு சாண் விட்டுத்தான் பரப்பினாள்.

ஐப்பசியில் மழை பெய்தது. பத்து நாள் கழித்துத் தழையை விலக்கியபோது மண் கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு மண்புழு வெளிச்சத்தை வெறுத்து உள்ளே போயிற்று. இருநூறில் நூற்று அறுபத்து மூன்று கன்று துளிர்த்திருந்தது.

"அடுத்த மறியல் எப்பவாம்?" என்றாள் தங்கமணி.

"அதைச் சொல்லாத, மறியல்ல புள்ளைய பறிகுடுத்த வூடெல்லாம் இருக்குது" என்ற ஆதிமூலம், வேலி ஓரத்தில் வருஷா வருஷம் தழை வெட்டிப் போடுவதற்காகப் புங்கங்கொட்டை ஊன்றக் குழி தோண்ட ஆரம்பித்தார்.