லேசான வகை

அன்னூரிலிருந்து தினமும் மகன் ஜேக்கைக் கூட்டிக்கொண்டு கோவைக்கு வருவாள் ஜெயக்கொடி. மில் வேலையை விட்டதே அவனுக்காகத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் மையத்தில் நான் ஆயா. வகுப்பு முடியும்வரை தாய்மார்கள் வராந்தாவில் உட்கார்ந்து, யார் பிள்ளைக்குப் பாதிப்பு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பேசுவார்கள். அதில் ஜெயக்கொடிக்குத் தலை நிமிர்ந்தே இருக்கும். ஜேக் பேசுவான், பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்வான். தானே குளித்து உடுத்துவான். விழுந்தால்கூட அழமாட்டான்.

"எங்களுது லேசான வகைங்க" என்பாள்.

தாஜுன்னிசாவின் மகன் அஃபானுக்குப் பேச்சில்லை. சட்டைக் காலர் உரசினாலும் அலறுவான். அவனுக்கு எல்லாம் நேற்றுப்போலவே இருக்க வேண்டும். ஜேக் வந்து வலது கையால் பையை ஆணியில் மாட்டுவதைப் பார்த்த பிறகுதான் பாயில் உட்காருவான்.

ஒரு திங்கட்கிழமை ஜேக் இடது கையால் மாட்டினான். அஃபான் கத்திக்கொண்டே ஓடி, பையை எடுத்து ஜேக்கின் வலது கைக்குள் திணித்தான். அது கீழே விழுந்தது. மறுபடி திணித்தான். மறுபடி விழுந்தது.

ஜெயக்கொடிக்குக் கோபம். "ஏனுங்க தாஜு, உங்க பையன் எம்புள்ளையையும் கெடுத்துப்போடுவானாட்ட இருக்குது. கொஞ்சம் புடிங்க."

மகனை இழுக்கக் குனிந்த தாஜுன்னிசா, ஜேக்கின் முழுக்கைச் சட்டையை மெல்ல மேலே ஏற்றினாள்.

"அம்மணி, இதப் பாருங்க."

மணிக்கட்டு நீலம் பாய்ந்து பன்போல வீங்கியிருந்தது. ஜேக் அதைத் தன்னுடையது அல்லாத ஏதோ பொருளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு முறிந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். இவனுக்கு வலியே தெரியாதா என்று ஜெயக்கொடி கேட்டாள். வலித்தாலும் சொல்லத் தெரியாமல் இருக்கலாம் என்றார். ஒரு பிள்ளைக்குத் தொட்டாலே தாங்காது, இன்னொன்று இப்படி, ஆட்டிசம் என்ற பெயர் மட்டும்தான் ஒன்று என்றார். மாவுக்கட்டுப் போடும்போதும் ஜேக், சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"காத்தால இந்தக் கையப் புடிச்சு இழுத்துத்தானுங்க பஸ் ஏத்துனேன்" என்றாள் ஜெயக்கொடி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

கட்டுப் பிரித்தாகிவிட்டது. லேசு என்ற பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை. ஜேக் பையை மாட்டும்போது அஃபானின் முகத்தையே பார்த்து நிற்கிறாள். அவன் பாயில் உட்கார்ந்த பிறகுதான் வராந்தாவில் தானும் உட்காருகிறாள்.