பதினான்கு வினாடி முன்னால் முடிந்த பாட்டு

எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. மெட்ரோவில் ஏறினால் நிற்பவர்களை எண்ணுவேன். மாத்திரை டப்பாவைக் காலையும் மாலையும் எண்ணுவேன், குறைந்துவிட்டதோ என்று பயம். வீட்டில் எல்லாருக்கும் இது கேலி. சிறுவயதில் ஒரேயொரு தடவை இந்த எண்ணிக்கை சரியான இடத்தைத் தொட்டது. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நல்லவேளை.

அப்போது நாங்கள் பெங்களூர் விவேக் நகரில், கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு இருந்தார். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிப்பார். மற்ற நாட்களில் அவர் வேறு மதம்: ராக் இசை. குழுவில் உச்சக்குரல் பாடும் அக்கா தன் அண்ணனிடமிருந்து வாங்கிக் கொடுத்த அமெரிக்க காசெட் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் அட்டையில் நாலு பேர் சிங்கப் பிடரி போல முடியைத் தூக்கி நிறுத்தி, உதட்டுச்சாயம் பூசி நின்றார்கள்.

"பொண்ணுங்க லட்சணமாத்தான் இருக்காங்க" என்றார் அம்மா.

"அக்கா, அவங்க ஆம்பளைங்க" என்றார் மாமா.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு அட்டை பொருட்டில்லை, கிட்டார்தான் பொருட்டு. அந்தக் காசெட்டில் பல குழுக்களின் பாட்டுகள் இருந்தன. ஒவ்வொரு கிட்டார்காரனையும் எனக்குக் காதால் அடையாளம் காட்டுவார். ஒருவன் வலது கை விரல்களையும் கழுத்துப் பக்கம் கொண்டுபோய், இரண்டு கையாலும் டைப் அடிப்பது போலத் தட்டுவான். இன்னொருவன் கம்பியை மீட்டும்போதே கட்டைவிரலால் உரசி, வாலை மிதித்த பூனை மாதிரி கத்தவைப்பான். மூன்றாமவன் கிட்டாரில் பொருத்திய நெம்புகோலை அமுக்கினால், சுரம் பிரேக் பிடிக்காத சிட்டி பஸ் போலப் பள்ளத்தில் இறங்கும். மாமா சைக்கிள் ஸ்டாண்டுக் கம்பியை வளைத்து அதே போல ஒன்று செய்து மாட்டினார். ஒரு தடவை அமுக்கினால் அரைமணி நேரம் சுருதி சேர்க்க வேண்டும்.

தொல்லை சுருதியில்தான் வந்தது. மாமா கிட்டாரைக் கோயில் ஆர்மோனியத்துக்குச் சேர்த்து வைத்திருந்தார். காசெட்டில் அவர் பழக எடுத்துக்கொண்ட பாட்டிலோ கிட்டார் அதைவிட அரைச்சுரம் தணிந்து ஒலித்தது. கோயில் ஆர்மோனியம் தப்பாக இருக்க வழியில்லை. ஆகவே எங்கள் டேப்ரெக்கார்டர்தான் மெதுவாக ஓடுகிறது என்று மாமா முடிவு கட்டினார். சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, உள்ளே மோட்டார் வேகத்துக்கான திருகாணியைச் சுருதி ஒன்றும்வரை திருகினார்.

பாட்டு பறந்தது. நான் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.

"மாமா, அட்டையில நாலு நிமிஷம் பதினஞ்சு செகண்டுன்னு போட்டிருக்கு. நமக்குப் பதினாலு செகண்டு முன்னாலயே முடிஞ்சிடுது."

"அட்டை அச்சடிச்சவன் கடிகாரம் ஸ்லோவா இருக்கும், போடா."

அந்த வேகத்துக்கே விரல் வீங்க வீங்கப் பழகினார். கோயில் திருவிழா மேடையில், நண்பர்களோடு அவர் வைத்திருந்த ராக் குழுவுக்கு ஒரு பாட்டு கிடைத்திருந்தது. அப்பா அதற்கு நிபந்தனை போட்டிருந்தார்: பாட்டு சொதப்பினால் முடியை வெட்ட வேண்டும், கிட்டாரை விற்றுவிட்டு ஃபேக்டரி வேலைக்குப் போக வேண்டும். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முன்பு, குழுவில் பாடும் மெக்கானிக் நண்பர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "குரு, எனக்கு அந்தச் சுருதி எட்டலை. ஸ்டூல் மேல ஏறி நின்னு பாடினாலும் எட்டலை. பேஜாராப் போச்சு."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் காசெட்டைத் திருப்பி வாங்கிப்போகப் பாடகர் குழு அக்கா வந்தார். வாசலிலேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து, "இது யாருடா திருகினது?" என்றார்.

"மாமா. பதினாலு செகண்டு குறையுதுக்கா. நான் சொன்னேன், கேக்கலை."

அக்கா சிரித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. "திருவிழா முடியற வரைக்கும் இதை எண்ணாதே, என்ன?" என்று என் காதில் சொல்லிவிட்டு, நிமிர்ந்து மாமாவிடம் கேட்டார்: "நான் வேணா பாடிப் பாக்கட்டுமா?"

எங்கள் ஓட்டை டேப்பைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்குக் கோபம்.

திருவிழாவன்று மாமா சர்க்கரைத் தண்ணீர் தடவி முடியை நிறுத்தினார். மேடை ஏறுவதற்குள் எறும்பு ஏறிவிட்டது. கழுத்தில் எறும்பு கடிக்கக் கடிக்க அவர் உடம்பை உதறியதைக் கூட்டம் ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தது. இரண்டு கையாலும் தட்டினார், பூனையைக் கத்தவைத்தார், பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கினார். டிரம்ஸ்காரர் வியர்வையில் குளித்தபடி பின்னாலேயே ஓடினார். அதற்கெல்லாம் மேலே, கோயில் புடவையில் நின்றுகொண்டு, துளிச் சிரமம் இல்லாமல் பாடினார் அக்கா. மைதானமே "ஒன்ஸ் மோர்" கேட்டது. அந்தக் காசெட் வைத்திருந்த காலேஜ் பையன்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். பெங்களூரில் இவ்வளவு வேகமான கிட்டார்காரன் இல்லை என்றார்கள்.

இறங்கிவந்த மாமாவிடம் அப்பா, "ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெட்டிக்க" என்றார்.

அடுத்த வருஷமே அந்த அக்கா எனக்கு அத்தையானார்.

போன மாதம் சந்தாபுராவில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். படிக்கட்டு பதினெட்டு, கைப்பிடி கிடையாது. கிட்டார் கற்கும் பேரன் அதே பாட்டைப் போனில் போட்டுவிட்டு விளக்கினான்: அந்தக் காலத்து ஆட்கள் பாடுபவன் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்று கம்பிகளை அரைச்சுரம் தளர்த்திதான் வாசிப்பார்களாம்.

"உன் போன் ஸ்லோடா" என்று மாமா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

நான் சமையலறைக்குப் போனேன். "அத்தை, கம்பியைத் தளர்த்தினா போதும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"பின்னே? எங்க வீட்டு டேப்புல அது சரியாத்தானே ஓடிச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?"

அத்தை அடுப்பைத் தணித்துவிட்டு, அன்று போலவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா அந்த மெக்கானிக்கே பாடியிருப்பாரேடா."