நேசம் மதினியின் நனைந்த சாக்கு

நேசம் மதினி இறந்த செய்தி வந்தபோது நான் ராஜபாளையத்தில் இருந்தேன். அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கும் மாடசாமி பஸ்ஸில் வந்து இறங்கி, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி பள்ளி வாசலில் நின்றான். “டீச்சரம்மா, உங்க மதினி அவிய…” என்று ஆரம்பித்தவனுக்கு அதற்கு மேல் வாய் வரவில்லை. நான் கேட்ட முதல் வார்த்தை, “தீயா?” என்பதுதான். அவன் விழித்தான். “தீயா? ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்டு வந்தாவ. நெஞ்சு வலிக்குன்னு சொல்லிக் கட்டில்ல படுத்தாவ. பொறவு எந்திரிக்கல.” அழுகை வருவதற்கு முன்னால், கர்த்தரே என்று ஒரு நிம்மதி வந்தது எனக்கு. நம் சபையில் மதினியை அறிந்த உங்களுக்கு அது ஏன் என்று தெரியும். அறியாதவர்கள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

மதினி என் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. மதினி பிறந்து வளர்ந்தது ராஜபாளையத்தில், தெலுங்கு பேசுகிறவர்கள் தெருவில். அதனால் அவள் பேச்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெலுங்கு வரும். யாராவது அவசரப்பட்டால் “மெல்லகா, மெல்லகா” என்பாள். மெதுவாக என்று அர்த்தம். நம் சபையில் அவளைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மதுரை பஸ் ஒரு வளைவில் திரும்பினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வேதத்திலிருந்து சங்கீதம் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். ஆண்டாள் கோயில் தேர் ஓடுகிற நாளில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறக்க விடமாட்டாள். தேர் வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள், ஆனால் ஜன்னல் மூடியேதான் இருக்கும்.

இனி, சிரிக்க முடியாத விஷயம். எங்கள் அம்மா அடுப்படியில் தீப்பட்டு இறந்தவள். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. தரையோடு தரையாக இருந்த மண் அடுப்பின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கஞ்சிப் பானையை இறக்கக் கை நீட்டியிருக்கிறாள். முந்தானை விறகில் பட்டது. சட்டென்று எழுந்து விலக முடியவில்லை. அம்புட்டுத்தான். பிறகும் அதே அடுப்பில்தான் எங்கள் வீட்டில் சோறு வெந்தது. அப்பாவின் அக்கா பாக்கியம் அத்தை வன்னியம்பட்டியிலிருந்து வந்து எங்களுக்கு ஆக்கிப் போட்டாள். அம்மா எப்படிப் போனாள் என்று யாரும் பேசுவதில்லை. மதினி கல்யாணமாகி வந்த புதிதில் கிணற்றடியில் யாரோ சொல்லிவிட்டார்கள். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். “ஏட்டி கிரேசு, இதே அடுப்பா? இதே எடத்துலயா என்னையும் உக்கார வச்சிருக்காவ?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அத்தனை வருஷமாக நான் அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அன்றுதான் எனக்கும் பயம் வந்தது.

அதன் பிறகு மதினி ஒரே பிடியாக நின்றாள். அடுப்பை உயரத்தில் வைக்க வேண்டும், நின்றுகொண்டு சமைக்க வேண்டும். அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுசு எது வந்தாலும் அதற்கு ஒரு குறை முத்திரை குத்தித்தான் உள்ளே விடுவார். “நின்னுகிட்டு ஆக்குறது காப்பிக் கிளப்புக் கடையில. குடும்பத்துப் பொம்பளைக்கு எதுக்கு அது?” என்றார். மதினி அவர் முன்னால் வந்து நிற்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, நடுங்குகிற குரலில், “நின்னா ஓடலாம் மாமா” என்றாள். மறுநாள் அப்பா கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார்.

வந்த கொத்தனார் தலையைச் சொறிந்தார். “நான் கோயில் மதில் கட்டிருக்கேன், கெணறு கட்டிருக்கேன். அடுப்புக்கு மேடை கட்டினதில்ல. எம்புட்டு ஒசரம் வேணும்?” யாருக்கும் தெரியவில்லை. மதினி அடுக்களை நடுவில் வந்து நின்று, இல்லாத சட்டியில் இல்லாத அகப்பையால் கிண்ட ஆரம்பித்தாள். அண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கொத்தனார் அவள் முழங்கைக்குக் கீழே சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்தார். அந்த உயரத்துக்கு மேடை எழும்பியது. மேலே போட, வைக்கோல் சுற்றிய கடப்பைக் கல் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாடசாமியின் வண்டியில் வீட்டுக்கு வந்தது. மதினி கறுப்பான அந்தக் கல்லின் மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். “எம்புட்டு குளிர்ச்சி பாரு. இது தீப்பிடிக்காது கிரேசு” என்றாள். மேடையில் ஒரு பக்கம் விறகடுப்பு. மறுபக்கம் வெறும் கல்.

அந்த வெறும் கல்லில்தான் ஸ்டவ் வந்து உட்கார்ந்தது. ராஜபாளையத்தில் மில் வந்த காலம் அது. மதினியின் தம்பி மில்லில் பிட்டர். புது அடுக்களைக்கு அவன் சீராகக் கொண்டுவந்தது, காற்றடித்து எரிக்கிற ஒரு பித்தளை மண்ணெண்ணெய் ஸ்டவ். அவன் பற்ற வைத்துக் காட்டியபோது ஒரு ரயில் எஞ்சினே அடுக்களைக்குள் வந்துவிட்டது போல இரைச்சல். முதலில் மஞ்சளாகக் குதித்த தீ, இரைந்து இரைந்து நீலமாக அடங்கியது. மதினி என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது. தம்பி இரண்டு விஷயங்கள் சொன்னான். “தொட்டி மேல இந்தத் திருகு இருக்குல்லா அக்கா, இதைத் தொறந்தா காத்தெல்லாம் வெளிய போயிரும், ஸ்டவ் செத்துரும். இன்னொண்ணு, இதுல எதையும் பொங்கி வழிய விடாதீய. தீ அணையும், எண்ணெய் நிக்காது, பீச்சிக்கிட்டே இருக்கும்.” மதினி அவற்றோடு தன் சட்டம் ஒன்றையும் சேர்த்தாள். ஸ்டவ்வை யாரும் தனியாகப் பற்ற வைக்கக் கூடாது. ஒருவர் பற்ற வைக்கும்போது, இன்னொருவர் நனைத்த சாக்கோடு அடுக்களை வாசலில் நிற்க வேண்டும். தீ நீலமாகும் வரைக்கும் நகரக் கூடாது. “தாம்பூலத் தட்டு மாதிரி சாக்கை ஏந்திக்கிட்டு நிக்கவா?” என்று அப்பா கேலி செய்தார்.

புது அடுக்களைக்குப் பால் காய்ச்ச நாள் வைத்தார்கள். ஜெபம் செய்ய உபதேசியார் வந்தார். சபைப் பெண்களும் சொந்தக்காரப் பெண்களும் அடுக்களை கொள்ளாமல் நின்றார்கள். உங்களில் சிலர் அன்று அங்கே இருந்தீர்கள். விறகடுப்பில் காய்ச்சிவிடலாம் என்று மதினி எவ்வளவோ சொன்னாள். ஸ்டவ்வைக் கண்ணாலேயே பார்க்கப் பிடிக்காத அப்பா அன்று திடீரென்று அதன் பக்கம் சாய்ந்தார். “எது புது அடுப்போ அதுலதான் பால் காய்ச்சணும். சீரா வந்த பொருளை ஒதுக்கி வைக்கலாமா?” என்றார். “இதுல வழியக் கூடாதுன்னு தம்பி சொன்னான் மாமா” என்றாள் மதினி. “பால் வழியாம ஒரு பால்காய்ச்சா? நாம வேதக்காரங்க, திசை பார்க்கிறதில்லதான். இருந்தாலும் கிழக்காம வழிஞ்சா யாரும் வருத்தப்படப் போறதில்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, “சாக்கு” என்று மட்டும் சொன்னாள். கிணற்றடியில் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றேன். கூட்டத்தில் உள்ளே ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. தலைகளுக்கு மேலே மதினியின் நெற்றி மட்டும் தெரிந்தது. அது வேர்த்திருந்தது.

பால் ஏறியது. “வருது, வருது” என்று சத்தம். வயதான பெண்கள் குலவையிட்டார்கள். பால் பொங்கி, கிழக்குப் பக்கமாகவே, ஸ்டவ்வின் தலை வழியாக வழிந்தது. தீ அணைந்தது. ஆனால் இரைச்சல் அணையவில்லை. வெள்ளையாக ஒரு புகை சீறிக்கொண்டே வந்தது. மண்ணெண்ணெய் நாற்றம் வாசல் வரைக்கும் அடித்தது. அபசகுனம் என்ற பயம் பாக்கியம் அத்தைக்கு. அடுப்பு அணைந்த வீட்டில் விளங்குமா? “ஐயையோ, அணைஞ்சிட்டே! யாரும் எதும் சொல்லுததுக்கு முன்னால பத்த வைங்கட்டி!” என்று தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். “வேண்டாம் அத்தை!” என்று மதினி கத்தியது எனக்குக் கேட்டது. அதற்குள் தீ உத்தரம் வரைக்கும் எழுந்துவிட்டது.

நான் என் அம்மாவைப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. ஒரு கணம் அந்தத் தீயில் நின்றது அம்மாதான். சாக்கு என் கையிலேயே இருந்தது. “கிரேசு, சாக்கு!” என்ற சத்தத்தில்தான் உயிர் வந்தது. தலைகளுக்கு மேலே வீசினேன். மதினி அத்தையை முழங்கையால் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டு, சாக்கைப் பிடித்து ஸ்டவ்வின் மேல் போட்டு, அதன் அடியில் கையை விட்டுத் திருகைத் திறந்தாள். உஸ்ஸென்று காற்று போயிற்று. பிறகு, கருகின பாலின் நாற்றத்தில் எல்லோரும் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான். அத்தையின் சேலை ஓரம் பொசுங்கியிருந்தது. மதினியின் மணிக்கட்டு வெந்துபோயிருந்தது.

அவளை வீராங்கனை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் இருந்தால் மறுத்திருப்பாள். அன்று அவள் மேடைக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்து, “எனக்குப் பயமா இருக்கு, எனக்குப் பயமா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வாந்தி எடுத்தாள். அப்பா வாசலில் நின்று, “அந்தப் பிசாசைத் தூக்கிக் கெணத்துல போடுங்கலே” என்று கத்தினார். அப்போதுதான் மதினி தலையைத் தூக்கினாள். “தரையடுப்புக்கும் பயம்தான் மாமா, இதுக்கும் பயம்தான். இதுக்கு ஒரு திருகாவது இருக்கு. அத்தைக்கு அது இல்லாமப் போச்சே” என்றாள். அவள் சொன்னது பாக்கியம் அத்தையை அல்ல. தான் பார்த்தே இராத மாமியாரை, எங்கள் அம்மாவை. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் அடுக்களை வாசல் பக்கமே வந்ததில்லை. சாப்பாடு, காப்பி எல்லாம் கூடத்துக்குத்தான் போகும்.

ஸ்டவ் கிணற்றுக்குப் போகவில்லை. உலகச் சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் அது சும்மா கிடந்தபோதும் மதினி அதைப் புளி போட்டுத் துலக்கி வைத்தாள். காலையில் அவள் பற்ற வைப்பாள், நான் சாக்கோடு நிற்பேன். சாயங்காலம் நான் பற்ற வைப்பேன், அவள் நிற்பாள். பழகிவிட்டதே, இனி எதற்கு இது என்று ஒருமுறை சலித்துக்கொண்டேன். “எனக்குப் பழகல. உனக்கும் பழக வேண்டாம்” என்றாள். உங்களில் சிலர் வீட்டில் மேடை கட்டியபோது அவளைக் கூப்பிட்டீர்கள். வந்தவள் கல்லைப் பார்த்தாளா, ஜன்னலைப் பார்த்தாளா? திருகு எங்கே, சாக்கு எங்கே என்றுதான் கேட்டிருப்பாள். அவளுக்கு நீங்கள் காப்பி கொடுத்திருந்தால், ஸ்டவ் அணைந்த பிறகுதான் குடித்திருப்பாள்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வரைக்கும் சாப்பாடு அக்கம்பக்கத்திலிருந்து வந்தது. மறுநாள் விடிந்ததும் நான் அடுக்களைக்குள் போனேன். அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகினேன். ஸ்டவ்வைச் சூடாக்க அதன் கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றினேன். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வாசல் வெறுமையாக இருந்து நான் பற்ற வைத்ததில்லை. என்னால் முடியவில்லை. தீப்பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு அழுதேன்.

பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா நின்றுகொண்டிருந்தார். கிணற்றடிக்குப் போய்ச் சாக்கை அவரே நனைத்திருக்கிறார். பிழியத் தெரியவில்லை, வேட்டியெல்லாம் ஈரம். இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்திருந்தார். “பத்த வை, தாயி” என்றார். நான் குச்சியைக் கிழித்தேன். தீ மஞ்சளாகக் குதித்தது. நான் அவசரமாகக் காற்றடிக்க ஆரம்பித்தேன். “மெல்லகா, ஏட்டி, மெல்லகா” என்றார் அப்பா.

மதினியின் சேலைகளை அவள் தங்கைகளுக்குக் கொடுத்தோம். வேதப்புத்தகத்தை அண்ணன் வைத்துக்கொண்டான். அவள் பயத்தை நான் வைத்துக்கொண்டேன். அதில் பாதியை அப்பா வாங்கிக்கொண்டார். தினமும் காலையில், தீ நீலமாகும் வரைக்கும், அவர் வாசலை விட்டு நகருவதில்லை.